ஊமை இடம்

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். முட்டி என்று ஊர் கூப்பிடும் அவன் வளர்ந்த வீட்டில் இந்தப் பழமொழிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அண்ணன் கை அவன் மேல் விழும்போதெல்லாம் அத்தையோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பழமொழியின் முதல் பாதி தவறாமல் நடந்துகொண்டிருந்தது. மறுபாதிக்காக அவன் தலை நரைக்கும் வரை காத்திருந்தான்.

அப்பா போன பிறகு அவனை வளர்த்தது அண்ணன். வளர்த்தான் என்றால், சாப்பாடு போட்டான், செருப்பு வாங்கிக் கொடுத்தான், அடித்தான். ‘போட்டார், கொடுத்தார், அடித்தார்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டிய வயதுதான் அண்ணனுக்கு. வாய் வரவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது தம்பி எதற்கோ சிரித்தான். எதற்கென்று இப்போது அவனுக்கே நினைவில்லை. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. உளி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை இடது காதோடு சேர்த்து விழுந்தது. தட்டு ஒரு பக்கம் போனது, பையன் ஒரு பக்கம் போனான், காதுக்குள் ஒரு விசில் ஆரம்பித்தது. விசில் நின்றபோது அந்தக் காதும் நின்றுபோயிருந்தது.

“சின்னப் பையன்தானே, போகப் போகச் சரியாயிடும்” என்றாள் அத்தை. போகப் போகப் பழகியது. சரியாகவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம் வந்தது. அண்ணனோடு நடந்தால் வலப்பக்கமாகவே நடப்பான், செத்த காது அண்ணன் பக்கம் இருக்கும்படி. வண்டியில் உட்கார்ந்தாலும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் அதே கணக்குத்தான். மிச்சமிருக்கும் ஒரு காதை அண்ணன் கைக்கு எட்டாமல் காப்பாற்றுவது அவன் வாழ்க்கையில் பாதி வேலை. இன்னொரு பாதி, சப்வூஃபர் வைப்பது.

அண்ணன் மரவேலைக்காரன். அலமாரி, கட்டில் என்று தொடங்கி ஸ்பீக்கர் பெட்டிக்கு வந்து சேர்ந்தவன். அவன் செய்த பெட்டியைத் தட்டினால் பாறையைத் தட்டியது போல இருக்கும். இண்டு இடுக்கில் காற்றுப் போகாது. தொழிலில் அவனைக் குறை சொல்ல எவனாலும் முடியாது. எந்தக் கைக்கு எந்த வித்தை வாய்க்கிறது பாருங்கள்! அந்தப் பெட்டிகளைக் கொண்டுபோய், வாங்கியவர் வீட்டு ஹாலில் எந்த இடத்தில் வைப்பது என்று கண்டுபிடிப்பது தம்பியின் வேலை.

பெட்டி வைப்பதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. சப்வூஃபர் என்பது பாட்டின் அடித்தொண்டை அதிர்வான பேஸை மட்டும் எழுப்புகிற பெட்டி. அதைக் கண்ட மூலையில் வைத்தால் பேஸ் அறைக்குள் முட்டி மோதும். சோபாவின் ஒரு முனையில் உட்கார்ந்தவனுக்கு நெஞ்சில் இடி இடிக்கும். மறுமுனையில் இருப்பவனுக்கு ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாத இடத்துக்கு முட்டி வைத்திருந்த பெயர், ஊமை இடம். ஒரு பெட்டி விட்டுவைத்த ஊமை இடத்தை இரண்டாவது பெட்டியால் நிரப்ப வேண்டும், அது விட்டதை மூன்றாவதால். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை அடைக்கிற வேலை. இதில் அவனுக்கு ஒரு அதிர்ஷ்டம். பேஸ் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இரண்டு காதும் நன்றாக இருப்பவனாலேயே சொல்ல முடியாது. உலகத்தில் ஒற்றைக் காதுக்காரன் யாருக்கும் சளைக்காத தொழில் ஒன்று இருந்தது, அது அவன் காலடிக்கே வந்து சேர்ந்தது.

வேலையைப் பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வரும். வீட்டுக்காரர் உட்காரும் சோபாவின் மேல் பெட்டியைத் தூக்கி வைப்பான். அடித்தொண்டையில் மெல்ல ஏறி இறங்கும் ஒரு ஒலியை ஓடவிடுவான். பிறகு குனிந்து, கையையும் காலையும் ஊன்றி, சுவரோரமாக அறை முழுக்கத் தவழ்வான். பெட்டி சோபாவிலும் ஆள் தரையிலும் இருக்கும்போது எங்கே பேஸ் ஒழுங்காகக் கேட்கிறதோ, பிறகு பெட்டி அங்கே போகலாம், ஆள் சோபாவுக்கு வரலாம். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. வயதான ஆம்பளை, பல் முளைத்த குழந்தை மாதிரி போகிறானே என்று வீட்டுப் பிள்ளைகள் பின்னாலேயே தவழ்ந்து வரும். எல்லாப் பேன்ட்டிலும் முழங்கால் தேய்ந்து வெளுத்திருக்கும். முட்டி என்ற பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவன் மனைவிக்கே யோசித்தால்தான் ஞாபகம் வரும்.

ஒரு தடவை கார் ஷோரூம் முதலாளி ஒருவர், இவன் தவழ்வதை போனில் படம் பிடித்தார். “நாய்க்குட்டி மாதிரியே இருக்குய்யா” என்று சிரித்தார். ஒயர் இழுத்துக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தான். போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான், அதே வேகத்தில் முதலாளியின் முகத்தைச் சோபாக் கட்டையில் அடித்தான். பளபளக்கும் டைல்ஸில் ரத்தத்தோடு ஒரு பல் உருண்டு போய்க் கதவருகே நின்றது. இரண்டு பேரும் வண்டியேறி ஓடி வந்தார்கள். வழியெல்லாம் முட்டி அண்ணனையே திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூரித்தான். நமக்காக அண்ணன் கை ஓங்கியிருக்கிறான் என்று. வீடு நெருங்கும்போது அண்ணன் சொன்னான்: “என் பெட்டி ஓடிக்கிட்டிருக்கு, சிரிக்கிறான் பாரு நாயி.”

பெட்டிக்காகத்தான் அடித்திருக்கிறான். முட்டி வெளியே பார்த்துக்கொண்டான்.

முட்டி மட்டும் என்ன, சாமியாரா? பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்பார்களே. கல்யாணமான புதிதில் ஒரு நாள் ஏதோ வாக்குவாதத்தில் மனைவியைப் பார்த்து அவன் கை மேலே போய்விட்டது. அவள் ஓடவில்லை, அழவில்லை. மேலே நின்ற அந்தக் கையையே உற்றுப் பார்த்தாள்.

“இது உங்க அண்ணன் கை” என்றாள். “உங்க கையை எடுத்துக்கிட்டு வந்து பேசுங்க.”

கை தானாக இறங்கியது. அதன் பிறகு அவள் மேல் ஏறவே இல்லை.

வீடு இரண்டு அடுக்கு. கீழே அண்ணனும் அண்ணியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மேலே, அண்ணனே பலகை அடித்துப் போட்ட தரையின் மேல், முட்டியும் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும். கீழே இருக்கிற பெரிய ஹால்தான் கடை மாதிரி. பெட்டி வாங்க வருகிறவர்களை அங்கே உட்கார வைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுவார்கள். மற்ற நேரத்தில் அது அண்ணனின் சிம்மாசனம். சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, ஹாலின் நடுவில் கிடக்கும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, வீடு அதிரப் பாட்டு வைப்பான். அண்ணனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இருந்திருந்தால் பாவம், எல்லாப் பழியையும் பாட்டிலின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

அண்ணிக்கு விழும் அடி மேலே இருப்பவர்களுக்குத் தெரியாதது அல்ல. மறுநாள் முகத்தில் தெரியும், நடையில் தெரியும். முட்டியின் மனைவி இரண்டு மூன்று தடவை இறங்கிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். “புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நீ யாருடீ?” என்று சுத்தியலைத் தூக்கி எறிந்தான் அண்ணன். அது கதவில் பதித்த பள்ளம் இன்னும் இருக்கிறது. “வாங்க, வேற வீடு பார்ப்போம், அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவோம்” என்று அவள் கணவனிடம் சொல்லாத மாதம் இல்லை. “பார்ப்போம்” என்பான் முட்டி. பார்க்கிறேன், பார்க்கலாம், பார்ப்போம் என்று அந்தச் சொல்லிலேயே வருஷங்கள் போயின.

வினை ஒரு வாடிக்கையாளர் வடிவத்தில் வந்தது. பல் டாக்டர் ஒருவர் பெட்டி பார்க்க வந்தார். ஹாலில் மூன்று சப்வூஃபர் ஓடிக்கொண்டிருந்தது. மனிதர் எழுந்து உலாத்திக்கொண்டே சமையலறை வாசலருகே போய் நின்றார். அங்கே நின்று காதைத் தடவினார்.

“என்னங்க இது, இந்த இடத்துல பேஸே இல்லையே? உங்க ஹால்லயே இப்படின்னா எங்க வீட்ல எப்படி வைப்பீங்க?”

அவர் சொன்னது உண்மை. சமையலறை வாசல்தான் அந்த ஹாலின் ஊமை இடம். முட்டிக்கு அது எப்போதோ தெரியும். அங்கே யாரும் உட்காரப் போவதில்லை என்று விட்டிருந்தான். டாக்டர் வாங்காமல் போனார். அண்ணன் முட்டியின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினான்.

“நாலாவது பெட்டி அடிச்சுத் தரேன். இந்த ஹால்ல ஒரு அங்குலம் ஊமையா இருக்கக் கூடாது. இருந்துச்சு, உன் மண்டைய அந்த இடத்துல பொதைப்பேன்.”

பெட்டி சீக்கிரமே தயாரானது. அண்ணன் பட்டறையில் இருந்த ஒரு மத்தியான நேரத்தில் முட்டி வேலையைத் தொடங்கினான். மூன்று பெட்டியும் ஓடிக்கொண்டிருக்க, நான்காவதைச் சுவரோரமாகக் கொஞ்சம் தள்ளுவான். சமையலறை வாசலுக்குத் தவழ்ந்து வந்து காது கொடுப்பான். மறுபடி போவான், தள்ளுவான், தவழ்ந்து வருவான். அப்படி வரும்போதுதான் வாசல் நிலையைக் கிட்டத்தில் பார்த்தான். ஆள் தலை உயரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் நீளமாக நாலைந்து முடி ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே தரையில், நிற்பவள் பாதம் பட்டுப் பட்டு அந்த ஓரிடம் மட்டும் மெருகேறியிருந்தது.

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அதே இடத்தில்தான் நின்றாள்.

“தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவன் சத்தத்தைக் குறைத்துவிட்டு நல்ல காதைத் திருப்பினான்.

“இந்த இடத்தை மட்டும் இப்படியே விட்டுருங்க.”

“எந்த இடத்தை, அண்ணி?”

“நான் நிக்கிற இடம். எங்க நின்னாலும் அந்தச் சத்தத்துல எனக்கு எதுவுமே கேக்காது. இங்க மட்டும்தான் கேக்கும். அவர் நாற்காலிய விட்டு எந்திரிச்சா ‘கிறீச்’னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது கேட்டா கதவைச் சாத்திக்குவேன். உள்பக்கம் தாப்பா இருக்கு. அஞ்சாறு தட்டு தட்டுவாரு, அப்புறம் போயிடுவாரு. இது கேக்கலைன்னா, முதுகுல விழுந்த பிறகுதான் தெரியும்.”

சமையலில் உப்புக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்பது போலச் சொன்னாள். தனக்கு அந்த ஒரு காது எதுவோ, அண்ணிக்கு அது இந்த ஒரு அடித் தரை. இத்தனை நாள் அதில் நின்றுதான் உயிரோடு இருந்திருக்கிறாள். அவனுக்குப் புரிந்தது போல உலகத்தில் வேறு யாருக்கும் அது புரிந்திருக்க முடியாது.

“சரி அண்ணி. விட்டுடறேன்” என்றான்.

சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். அவள் உள்ளே போன பிறகு, எந்த இடத்தில் வைத்தால் அண்ணியின் ஊமை இடம் நிரம்பிவிடும் என்று தெரிந்துகொள்ளலாம் என்று பெட்டியை இன்னும் ஒரு சாண் தள்ளினான். தள்ளிவிட்டுத் தவழ்ந்தான். ஹால் முழுவதும், மூலை முடுக்கெல்லாம், பேஸ் ஒரே மட்டமாக நிறைந்து நின்றது. எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் குறையவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த வீட்டிலும் அவனுக்கு அப்படி அமைந்ததில்லை. சமையலறை வாசலில் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணில் நீர் வந்தது. ஒரு தரம் அண்ணனிடம் காட்டிவிட்டு, பிறகு நைசாகத் தள்ளி வைத்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பாலுக்கும் காவலாம், பூனைக்கும் தோழனாம்!

அண்ணன் வந்தான். ஹாலைச் சுற்றினான். மூலையில் நின்றான், ஜன்னலில் நின்றான், சமையலறை வாசலில் வெகுநேரம் நின்றான். பிறகு தம்பி பக்கம் வந்தான். முட்டி வழக்கம்போலச் செத்த காதைக் காட்டி நின்றான்.

அண்ணன் கை அவன் தோளில் வந்து உட்கார்ந்தது.

“நல்லா இருக்குடா” என்றான் அண்ணன். “என் தம்பிடா நீ.”

பழமொழியின் மறுபாதி! தலை நரைத்த பிறகு வந்து சேர்ந்தது. அந்தக் கையின் கனம் தோளில் இருக்கும்வரை முட்டி அசையாமல் நின்றான். அண்ணி கதவோரத்தில் நின்று அவனையே பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாழாய்ப்போன அந்த ஒரு கைக்காக, ஒரு பாழாய்ப்போன வார்த்தைக்காக, மகராசன் பெட்டியைத் தொடாமல் படியேறிப் போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம். மேலே தட்டுப் போட்டு மூன்று பேரும் தரையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். கீழே பாட்டுத் தொடங்கியது. பலகைத் தரை வழியாக அதிர்வு ஒரே சீராக ஏறி வந்தது. “இன்னைக்கு என்னப்பா, சத்தம் சும்மா மெத்துன்னு இருக்கு?” என்றாள் மகள். முட்டிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு கை தட்டில், ஒரு கை தரையில். அந்தப் பாட்டின் ஒவ்வொரு அடியும் அவன் உள்ளங்கைக்கு மனப்பாடம்.

பாட்டில் இல்லாத ஒரு அடி விழுந்தது.

தரையில் இருந்த கையை இன்னும் அழுத்தினான். இன்னொன்று விழுந்தது, தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல். அதன் பிறகு ஏதோ சரிந்து விழுந்தது. அவன் எச்சில் கையோடு எழுந்து, படிகளைத் தாண்டித் தாண்டி இறங்கினான்.

அண்ணி சமையலறை வாசலில் குறுக்காகக் கிடந்தாள். மண்டை பிளந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தடுக்கத் தூக்கிய இடது கை மணிக்கட்டில் மடங்கக் கூடாத பக்கம் மடங்கித் தொங்கியது. அண்ணன் கையில், பெட்டிக்குள் சட்டமாக அடிக்கிற மரக்கட்டை. எதற்கு அடித்தான் என்று கேட்காதீர்கள். பிறகு கேட்ட போலீஸ்காரரிடமும் அவனால் உருப்படியான காரணம் சொல்ல முடியவில்லை. டீ ஆறியிருந்ததாம்.

“அண்ணே!”

கட்டை மறுபடி மேலே போனது. யோசிக்க நேரமில்லை. முட்டி தாவி அண்ணியின் மேல் கவிழ்ந்து படுத்தான். அவன் முகத்தின் இடப்பக்கம் வாசல் நிலையோடு ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம், அவன் பாதி வாழ்க்கையைப் போட்டுக் காப்பாற்றிய காது, வெட்ட வெளியாக மேலே பார்த்து இருந்தது.

கட்டை முதுகில் விழுந்தது. விலா எலும்பு ஒன்று முறிந்தது அவனுக்கே கேட்டது. இன்னொரு அடியில் கட்டையே இரண்டாக ஒடிந்து போனது. அண்ணன் ஒடிந்ததை எறிந்துவிட்டுக் கையை விரித்தான்.

“நகருடா. இருக்கிற ஒரு காதும் போயிடும்.”

அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை வருஷம் தம்பி ஏன் வலப்பக்கமாகவே நடந்தான் என்று தெரிந்தே கூட நடந்திருக்கிறான். முட்டிக்கு முதுகில் விழுந்ததைவிட அதுதான் வலித்தது. தலையைத் திருப்பினால் காது தப்பும். திருப்பினால் அண்ணியின் தலை வெளியே வரும். அவளுடைய மூச்சு அவன் கழுத்தில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

“நகர மாட்டேன்” என்றான். அவன் தெளிவாகக் கேட்ட கடைசி வார்த்தை அதுதான், அவனுடைய சொந்த வார்த்தை.

கை விழுந்தது. ஒரு தடவை அல்ல. விசில் ஆரம்பித்தது, பிறகு விசிலும் இல்லை.

அதன் பிறகு நடந்தது சத்தமில்லாமல் நடந்தது. முட்டி தவழ்ந்தான். வாழ்நாளெல்லாம் தவழ்ந்தவன். தரைமட்டத்தில் அவனை ஜெயிக்க ஆள் கிடையாது. அண்ணனின் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி இழுத்தான். மலை மாதிரி நின்றவன் நான்காவது பெட்டியின் விளிம்பில் முதுகு அடிபட மல்லாந்து விழுந்தான். எழுவதற்குள் முட்டி ஏறிவிட்டான். ஊரெல்லாம் தரை தேய்த்துக் காய்ப்பேறிய வலது முழங்காலை அண்ணனின் வலது முழங்கை மேல் ஊன்றினான். இருக்கிற கனத்தையெல்லாம் அதில் இறக்கினான். காளைக் கொம்பு போன்ற அந்தக் கை காலுக்கடியில் இளகி ஒடிவதை முழங்காலால் உணர்ந்தான். அண்ணன் வாய் திறந்து கத்துவது தெரிந்தது. முட்டி அந்த வாயில் குத்தினான். மூக்கில் குத்தினான். இடது காதில் அறைந்தான், எண்ணாமல் அறைந்தான். இனித்தது. சொல்லக் கூடாதுதான், ஆனால் இனித்தது. மூன்று பெட்டியும் நாலாவது பெட்டியும் ஒரே மட்டமாகப் பாடிக்கொண்டே இருந்தது, முழங்கால் வழியாக அது மட்டும் வந்துகொண்டிருந்தது. கையில் ஒடிந்த கட்டை எப்படியோ வந்திருந்தது. அதன் கூர்முனையை அண்ணனின் தொண்டைக்கு நேராக ஓங்கினான்.

ஓங்கிய கையை யாரோ பிடித்தார்கள். மனைவி. அவள் உதடு அசைந்தது. ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. ஆனால் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், ஓங்கிய கையைப் பார்த்து அவள் சொன்னதுதான்.

கட்டையைக் கீழே போட்டான்.

ஆஸ்பத்திரியில் அண்ணியின் தலையில் தையல், மணிக்கட்டில் கம்பி. முட்டிக்கு விலாவில் கட்டு. காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். எங்கோ தூரத்தில் வண்டி போவது போன்ற ஒரு உறுமல் மட்டும் சில நேரம் வரும். மற்றதெல்லாம் போயிற்று. மகளின் குரலும் போயிற்று. அதை நினைத்து அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய்விட்டு அழுதான். தான் எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்று தெரியாததால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அண்ணனைப் போலீஸ் கொண்டுபோனது. வழக்கு நடந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். “கூடப் பொறந்தவன் மேல சாட்சி சொல்லலாமா? தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்களே” என்றார் சித்தப்பா.

“ஆடின சதையையெல்லாம் ஆஸ்பத்திரியில தைச்சுக்கிட்டு இப்பத்தான் வந்திருக்கோம், மாமா. டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க” என்றாள் முட்டியின் மனைவி.

நால்வருமாக வேறு வீட்டுக்குப் போனார்கள். ஒரு டயர் கடைக்கு மேலே, பழைய பலகைத் தரை போட்ட மாடி. போன முதல் வாரத்தில் முட்டி அண்ணியின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

“நான் சரின்னு சொன்னேன், அண்ணி. சொல்லிட்டு...”

அவன் உதட்டைப் படிக்கும்படி அண்ணி நிதானமாகச் சொன்னாள்: “சொன்னீங்க.”

அவ்வளவுதான். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள், கம்பி வைத்த கையால் மெல்ல மெல்ல. கொஞ்ச நேரம் கழித்து ஒரு போர்வையின் மறுமுனையை அவனிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டான்.

முட்டி இப்போதும் சப்வூஃபர் வைக்கிறான். பெட்டியை வேறொருவரிடம் வாங்குகிறான். அண்ணன் பெட்டியில் பாதி தரம்கூட இல்லை, அந்த வயிற்றெரிச்சல் அவனுக்கு உண்டு. மனைவி கூட வந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறாள். இவன் தவழும்போது உள்ளங்கையைத் தரையில் பரப்பி, தாடையைச் சுவரில் ஒட்டி வைத்து, எங்கே இடி, எங்கே ஊமை என்று தடவித் தடவிக் கண்டுபிடிக்கிறான். முன்பைவிட நேரம் இரண்டு மடங்கு ஆகிறது. சில வீடுகளில் தவறிப் போகிறது. தவறிவிட்டது என்று மனைவி கை காட்டும்போது வெட்கத்தில் காது சிவக்கும், கேட்காத காது. எந்த வீட்டிலும் வேலை தொடங்குவதற்கு முன் வீட்டுப் பெண்களைப் பார்த்து, எந்த இடத்தையாவது விட்டுவைக்கணுமா என்று கேட்கிறான். கேள்வி புரியாமல் சிரிக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டில் ஒருத்தி சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு அவன் மனைவி மறுநாள் தனியாகப் போய்வந்தாள்.

காது போனவனுக்கு முதுகுதான் பயம். யார் எப்போது பின்னால் வந்தாலும் திடுக்கிட்டு எழுந்து நிற்பான். கை தானாகத் தலையை மூடிக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்தவள் அண்ணி. அவன் இருக்கும் அறைக்குள் வரும்போது வாசலிலேயே நின்று, குதிகாலால் பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவாள். தட்டு அவன் உட்கார்ந்திருக்கும் இடம் வரை வரும். ‘நான்தான் வரேன்’ என்று அர்த்தம். அதைப் பார்த்து மகளும் மனைவியும் பழகிக்கொண்டார்கள். வீட்டில் எப்போதும் ஏதோ நாட்டிய ஒத்திகை நடக்கிறது என்று டயர் கடைக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், முட்டி வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு ஒயரைச் சீவிக்கொண்டிருந்தான். சமையலறைப் பக்கமிருந்து தட்டு வந்தது. ஒன்று அல்ல, விடாமல் தடதடவென்று வந்தது. நின்ற இடத்திலேயே அண்ணி இரண்டு காலாலும் தரையை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் கத்தியோடு திரும்பினான். கைக்கெட்டும் தூரத்தில் அண்ணன் நின்றான். விடுதலையாகி வந்திருக்கிறான், இளைத்திருந்தான். ஒடிந்து கூடிய வலது கை கொஞ்சம் கோணலாகத் தூக்கியபடி இருந்தது. அடிக்கத் தூக்கினானா, தோளில் வைக்கத் தூக்கினானா என்று யாருக்குத் தெரியும்? அண்ணனுக்கே தெரிந்ததோ என்னவோ. வாய் ஏதோ பேசியது. முட்டி அந்த வாயைப் படிக்கவில்லை.

எழுந்து, கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, வெறுங்கையால் அண்ணனின் நெஞ்சில் கைவைத்துப் பின்னோக்கித் தள்ளினான். வாசல் வரை தள்ளினான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். படி அதிர்ந்து அதிர்ந்து இறங்கிப் போவது முழுவதும் தெரியும்வரை உள்ளங்கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

சமையலறையில் அண்ணி இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அறையின் இந்தப் பக்கமிருந்து குதிகாலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவளைப் பார்த்து நடந்தான்.